வன்னியில் வீடில்லாதவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் வீடும் காணியும் இல்லாதவர்களைப் பற்றி ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. படிவம் நிரப்பிக் கொடுப்பதும், கூப்பிட்டால் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போவதும் என் வேலை. அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரிவதை எழுதுகிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

வன்னியில் தெருவில் படுப்பவர்களை அதிகம் காணோமே. வீடில்லாதவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

வவுனியா பஸ் நிலையத்திலும் கோயில் மண்டபங்களிலும் இரவு தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிறு பகுதி. பெரும்பாலானோர் உறவினர் வளவுக்குள் இருக்கிறார்கள், அதனால் கண்ணில் படுவதில்லை.

ஒரு வளவைச் சொல்கிறேன். நடுவில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு. அதில் தாயும் தகப்பனும் கடைசிப் பிள்ளையும். குசினிச் சுவரிலிருந்து தகரம் சாய்த்து இறக்கிய பத்தியில் மூத்த மகன், மனைவி, கைக்குழந்தை. வேலியோரம் தறப்பாளும் யாரோ கழற்றிப் போட்ட பழைய கதவும் வைத்து அடைத்த கொட்டிலில் மகளின் குடும்பம். கிணறு ஒன்று, மலசலகூடம் ஒன்று, மின்சார மீட்டர் ஒன்று. கரண்ட் பில் வருகிற அன்று வாய்த்தர்க்கம் நிச்சயம்.

கடதாசியில் இது வீடு கிடைத்த குடும்பம். மற்ற இரண்டும் அதன் உப குடும்பங்கள். போர் முடிந்த 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றுவிட்டது. திட்டங்கள் எண்ணியது அன்றைய குடும்பங்களை. இன்றைய வீடில்லாப் பிரச்சினையில் பெரிய பங்கு இந்தப் புதுக் குடும்பங்களுடையது என்பதுதான் என் அனுபவம்.

எல்லாம் 2009இல் வந்த வினைதானே?

இல்லை. வன்னியில் ஒரே குடும்பம் நாலைந்து தடவை வீடிழந்திருக்கும். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் 1984 டிசம்பரிலேயே விரட்டப்பட்டது. 1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது நகரத்து ஆட்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டோரம் போய்க் கொட்டில் போட்டார்கள். 2002 சமாதானத்துக்குப் பிறகு திரும்பி வந்து கொஞ்சம் நிமிர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது.

பிறகு 2008. மன்னார்ப் பக்கமிருந்து தொடங்கிய இடப்பெயர்வு மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. முதல் இடப்பெயர்வில் ஆட்கள் ஓடு கழற்றி, கதவு நிலை கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்ததில் தகரமும் சட்டிபானையும். கடைசியில் கையில் இருந்தது ஒரு சொப்பிங் பை, அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பேமிட் என்கிற அரச காணி அனுமதிப் பத்திரம். அந்தப் பையும் போனவர்கள் எத்தனையோ பேர். இன்றைக்குப் படிவம் நிரப்பும்போது அதுதான் முதலில் முட்டுகிறது.

2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிக்குளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் இருந்தவர்கள் 280,000க்கும் மேல். மீள்குடியேற்றம் அந்த வருடக் கடைசியில் தொடங்கியது. மெனிக் பாமை மூடியது 2012 செப்டெம்பரில். திரும்பிப் போனவர்கள் பலருக்கு அத்திவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. சிலருக்குக் காணியைச் சுற்றி மிதிவெடி எச்சரிக்கைப் பலகை.

இந்திய வீட்டுத்திட்டம், உலக வங்கித் திட்டம் எல்லாம் வந்தன. பிறகும் ஏன் தீரவில்லை?

வந்தன, உண்மையான வீடுகளையும் தந்தன. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு. சோதனையாகக் கட்டிய முதல் 1,000 வீடுகள் 2012 ஜூலையில் முடிந்தன, பெரிய கட்டம் அதே வருடம் ஒக்டோபரில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. கொந்தராத்துக்காரரிடம் கொடுக்காமல் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே நாலு தவணையாகப் போட்டார்கள், வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். அதற்கு முந்திய உலக வங்கித் திட்டத்தில் 325,000 ரூபா.

வீட்டுக்காரரே கட்டுகிற முறையை நான் நல்லதென்றே சொல்வேன். தன் வீட்டுக்குத் தானே கல் அரிந்து, தண்ணீர் ஊற்றி, மேசனோடு சண்டை பிடித்துக் கட்டியவர் சுவரில் வெடிப்பு வர விடமாட்டார். ஆனால் அந்தக் காசு போதவில்லை. ஒரே நேரத்தில் ஊர் முழுக்க வீடு எழும்பியபோது மேசன் கூலி ஏறியது, மணல் விலை ஏறியது. மணலுக்குப் பேமிட் வேண்டும், ரிப்பர்காரர் சொன்னதுதான் விலை. அத்திவாரம் முடிந்ததை அதிகாரி வந்து பார்த்தால்தான் அடுத்த தவணை. அவர் வருவதற்கிடையில் மழை வந்துவிடும். நடுவில் நின்ற வேலையை ஓட்ட நகையை அடைவு வைத்தார்கள், நகை இல்லாதவர்கள் குழுக்கடன் எடுத்தார்கள். வீடு முடிந்தது, கிழமைக் கட்டுக்காசு முடியவில்லை. கடன்காரர் வாசலில் வந்து குந்துகிறார் என்று வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்களைத் தெரியும். அவர்களும் வீடு கிடைத்தவர்கள் கணக்கில்தான் வருகிறார்கள்.

இன்னொன்று, பயனாளிகளைத் தெரிவு செய்கிற புள்ளி முறை. பிள்ளைகள் கூடிய குடும்பம், பெண் தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் முன்னால் போகும். அது நியாயம். ஆனால் பிள்ளைகளைச் சண்டையில் பறிகொடுத்து இரண்டு பேராக மிஞ்சிய கிழவனும் கிழவியும் அதே கணக்கால் பின்னால் தள்ளுப்பட்டார்கள். பிள்ளை செத்ததால் புள்ளி குறைந்த கதை அது. இதற்கு எந்த அலுவலரிடமும் எனக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததில்லை.

ரோட்டோரம் கூரையில்லாமல் நிற்கிற வீடுகள் யாருடையவை?

பெரும்பாலானவை 2018, 2019இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை மூலம் தொடங்கியவை. அத்திவாரம் போடு, அடுத்த காசு வரும் என்றார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் காசு நின்றது. நாலு மாவட்டத்திலும் இது நடந்தது. அதன் பிறகு கொரோனா, அதன் பிறகு 2022 நெருக்கடி. 1,000 ரூபாவைச் சுற்றி இருந்த சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், புது வீடு வருகிறதென்று பழைய கொட்டிலைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். அதே இடத்தில்தான் அத்திவாரம் வெட்ட வேண்டியிருந்தது. இப்போது யன்னல் மட்டத்தோடு நின்ற சுவர்களுக்கு மேல் தறப்பாளை இழுத்துக் கட்டி, கதவு இடைவெளியில் சேலை தொங்கவிட்டு இருக்கிறார்கள். சுவரில் பாசி பிடித்துவிட்டது. மாரியில் உள்ளே தண்ணீர், கோடையில் பாம்பு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது பள்ளிக்கூடங்களில் போய் இருந்தவர்களில் தற்காலிகக் கொட்டில்காரர் நிறைய. கல்வீட்டுக்காரர் தண்ணீர் வடிய வீட்டைக் கழுவிவிட்டு இருக்கலாம். கொட்டில்காரர் மறுபடி கம்பு வெட்டப் போகவேண்டும்.

இந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு திட்டத்தில் பெயர் போடலாமா என்று கேட்டால், ஏற்கெனவே ஒரு திட்டத்தில் பயனாளி என்று பதிவில் இருக்கிறது என்பார்கள். அரைச் சுவர் முழு வீடாகப் பதிவில் நிற்கிறது.

பொருத்து வீட்டை ஏன் எதிர்த்தீர்கள்? இப்போது அதாவது இருந்திருக்குமே?

2016இல் 65,000 பொருத்து வீடுகள் தருவதாக அரசாங்கம் சொன்னது. இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்துகிற வீடு, ஒன்று 20 இலட்சத்துக்கு மேல். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்பது முதல் எதிர்ப்பு. வன்னி வெயிலுக்கும் கடற்கரை உப்புக் காற்றுக்கும் அது எத்தனை வருடம் தாங்கும் என்பது இரண்டாவது. மேசன், தச்சன், கல் அரிகிறவன் ஒருவருக்கும் வேலை இல்லை என்பது மூன்றாவது. பிறகு ஒரு அறை கூட்ட வேண்டுமென்றால் சுவரில் கை வைக்க முடியாது. எதிர்ப்பு சரியானதே. ஆனால் எதிர்த்ததற்கு ஈடாகக் கல்வீடு வேகமாக வரவில்லை என்பதும் உண்மை, அந்த இடைவெளியைச் சனம் கொட்டிலுக்குள் இருந்து கழித்தது.

வீடு கேட்டால் ஏன் முதலில் காணிப் பத்திரம் கேட்கிறார்கள்?

இதுதான் முழுக் கதையும். வன்னியில் கூரையில்லாமல் இருப்பவரைக் கிண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் காணிச் சிக்கல் இருக்கும். காசு கொடுக்கிற எந்தத் திட்டமும் பிறத்தியாரின் காணியில் வீடு கட்ட விடாது.

இங்கே பெரும் பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்தவை. சனம் எல்.டி.ஓ. பேமிட் என்று சொல்வது அதைத்தான். பேமிட் காணியை விற்க முடியாது, நினைத்தபடி துண்டாக்கவும் முடியாது. ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் பின்னுரித்து, அதாவது பேமிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறும் உரிமை, பெரும்பாலும் ஒருவருக்குத்தான். பேமிட்காரர் பின்னுரித்தாளரைப் பதியாமல் செத்தால் சட்டத்திலுள்ள அட்டவணைப்படி போகும். நீண்ட காலம் அந்த அட்டவணை ஆண் பிள்ளையை, அதிலும் மூத்தவரை முன்னால் வைத்தது. தாயைக் கடைசிவரை பார்த்த மகள் வெளியே, எங்கேயோ இருந்த அண்ணன் உள்ளே. 2022இல் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வித்தியாசத்தை நீக்கினார்கள். நல்லது. அதற்கு முன் நடந்து முடிந்த மாற்றங்களுக்கு அது உதவாது.

அப்புறம், கணவன் பெயரில் பேமிட், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் ஓடும், ஆனால் கையெழுத்து வைக்க மனம் வராது. தேடுவதை விட்டுவிட்டதாக ஆகிவிடும் என்று எத்தனையோ பேர் எடுக்கவில்லை. மரணப் பதிவுச் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கிடைக்கிறது, மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே சில அலுவல்களைப் பார்க்கலாம். இதைத் தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தெரிந்தால் சொல்லுங்கள்.

இவை தவிர, காசு கொடுத்து வாங்கியும் எழுத்து மாற்றாத காணி. புலிகளின் நிர்வாகக் காலத்தில் கிடைத்த, அரசு ஏற்காத துண்டு. இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்தபோது வேறு ஆள் குடியிருக்கும் காணி. உறுதிக் காணி, அதாவது உறுதி எழுதிய தனியார் காணி என்றால் பத்து வருடம் மற்றவர் ஆண்டு அனுபவித்தால் உரிமை போய்விடும் என்பது பொதுச் சட்டம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். அந்தச் செய்தி வன்னிக்கு வந்து சேருவதற்குள்ளேயே அரை அவகாசம் போய்விட்டது என்று சொல்லலாம்.

இராணுவம் பிடித்த காணிகளை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்களே?

ஒரு பகுதியை விட்டது, எல்லாவற்றையும் அல்ல. மெனிக் பாமை மூடியபோது கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவின் கேப்பாபுலவுச் சனமும் இருந்தது. அவர்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை, பக்கத்தில் காடு வெட்டிய மாதிரிக் கிராமத்தில் இறக்கப்பட்டார்கள். 2017 ஜனவரி 31இல் பக்கத்துப் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் குந்தியது. பெண்களும் குழந்தைகளும் இரவும் அங்கேதான். ஒரு மாதத்தில் காணி திரும்பியது. அதைப் பார்த்து கேப்பாபுலவு ஆட்கள் மார்ச் 1இல் தங்கள் காணிக்காக உட்கார்ந்தார்கள், அவர்களுடையது வருடக்கணக்கில் இழுத்தது.

வன இலாகா ஏன் இதில் வருகிறது?

இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்தால் வன்னியில் வயலும் காடாகும். திரும்பி வந்தவர் பற்றை வெட்டினால், இது ஒதுக்கப்பட்ட காடு என்று எல்லைக் கல்லைக் காட்டுகிறார்கள். தென்னையும் கிணறும் நிற்கிற இடத்தைக் காடு என்றால் யார் ஏற்பார்? கிணற்றுக் கட்டு, பழைய மா மரம், கோயில் அடையாளம், முந்திய வாக்காளர் பட்டியல், இவற்றைப் படம் பிடித்தும் பிரதி எடுத்தும் வையுங்கள். வாய்ப்பேச்சைவிட அவை எடுபடும்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நிலை வேறா?

வேறு, மோசமும்கூட. 1970களில் தோட்டங்களில் பஞ்சம், 1977இல் கலவரம். அடிபட்டு வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

வந்து ஐம்பது வருடமாகியும் பலரிடம் பேமிட் இல்லை. பலருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரமே 2003 சட்டத்துக்குப் பிறகுதான். இவர்கள் பிறர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள், காணிக்காரருக்கும் அது வசதி. நம்முடைய ஆட்களே இவர்களைத் தோட்டக்காட்டார் என்று தள்ளிவைத்ததை மறைத்துவிட்டு வீடில்லாப் பிரச்சினைக்கு அரசாங்கத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. யாருக்கு அரச காணி கொடுப்பதென்று விசாரிக்கிற காணிக் கச்சேரி நடக்கும்போது ஊர்ச் சங்கம் யாருடைய பெயரைச் சொல்கிறது, யாருடையதை விழுங்குகிறது என்று பார்த்தால் தெரியும்.

முஸ்லிம் குடும்பங்கள்?

1990 ஒக்டோபரில் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து போனவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்தார்கள். ஒரு குடும்பமாகப் போனவர்கள் நாலு குடும்பமாகத் திரும்பினார்கள். காணி அதே அளவு. மேலே சொன்ன உப குடும்பச் சிக்கல் இவர்களுக்கு இன்னும் கூர்மை. புத்தளத்திலும் ஒரு கால் வைத்திருக்கிறார்கள் என்று இவர்களைப் பட்டியலில் தள்ளிவிடுவது சரியல்ல. பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே இருந்தால் வேறென்ன செய்வார்கள்?

உண்மையைச் சொல்லுங்கள், குடியும் சோம்பலும்தானே காரணம்?

கசிப்பு இருக்கிறது, தகரத்தை விற்றுக் குடித்தவரும் இருக்கிறார். ஆனால் அவர் எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். நாலு தடவை வீடு கட்டி நாலு தடவையும் இழந்தவரிடம் ஐந்தாவது தடவைக்கு உற்சாகம் எதிர்பார்க்கிறோம். கல்வீட்டுக்குள் குடிக்கிறவரை யாரும் வீட்டை விட்டு எழுப்புவதில்லையே. கொட்டில்காரருக்கு மட்டும் நல்லொழுக்கச் சான்றிதழ் வேண்டுமா?

பின்லாந்தில் 2008இலிருந்து முதலில் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள். குடியை விடு, பிறகு வீடு என்று நிபந்தனை வைப்பதில்லை. தங்குமடங்களை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள், வீடில்லாதவர்கள் தொகை பல வருடங்களில் நன்றாக இறங்கியது. அந்த நாட்டுப் பணம் நம்மிடம் இல்லை, ஆனால் முதலில் கூரை என்ற வரிசையைப் பின்பற்றப் பணம் தேவையில்லை.

வயதானவர்கள் எப்படி வீடில்லாமல் போகிறார்கள்? சொந்த வீடு இருந்ததே?

சீதனம். மகளுக்குக் கலியாணம் பேச வீடு வேண்டும். இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் குசினிக்குப் போகிறார்கள். மருமகன் நல்லவரென்றால் பிரச்சினை இல்லை. அல்லாவிட்டால் கோயில் மண்டபம். எழுதிக் கொடுக்கும்போது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை உறுதியில் வைத்துக்கொள்ளலாம். நொத்தாரிசிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதுவிக்கத்தான் வெட்கப்படுகிறார்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். சபை ஒன்று விசாரிக்கும். கேட்கிறவர்கள் குறைவு, ஊர் சிரிக்கும் என்ற பயம். வவுனியா கோவில்குளத்தில் சிவன் கோயிலைச் சார்ந்து முதியோர் இல்லமும் சிறுவர் இல்லமும் நடக்கின்றன. வேறு சமய நிறுவனங்களும் இல்லங்கள் நடத்துகின்றன. இடம்தான் போதாது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் வீடியோவைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்ய வேண்டாம். அழுகிறவர் நன்றாகப் படத்தில் வருவார், அழாத குடும்பத்துக்கு அவரைவிடத் தேவை அதிகமாக இருக்கலாம். முதலில் காணி யார் பெயரில் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மாமியார் பேமிட்டில் மருமகளுக்குக் கட்டிக் கொடுத்து, ஒரு வருடத்தில் மருமகள் பிள்ளைகளோடு வெளியே நின்ற கதை எங்கள் பக்கத்தில் உண்டு. வீடு மட்டும் கட்டி மலசலகூடத்தையும் கிணற்றையும் மறக்காதீர்கள். திறப்பு விழாவுக்குப் பொன்னாடையும் பதாகையும் வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு யன்னல் போடலாம். ஊரில் உங்கள் பெரிய பெயர்ப்பலகையைச் சுவரில் பதிக்கவும் கேட்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வளர வேண்டியிருக்கும்.

புது வீட்டைவிட, நின்றுபோன அரைவீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது செலவு குறைவு. பயனும் அன்றைக்கே.

வீடு ஒரு உரிமை இல்லையா? வழக்குப் போட முடியாதா?

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை உணவு, உடை, வீடு எல்லோருக்கும் போதிய அளவு கிடைக்கச் செய்வதை அரசின் நோக்கமாகச் சொல்கிறது. 29ஆம் உறுப்புரை அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்கிறது. 1980இல் இலங்கை சேர்ந்துகொண்ட பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் உடன்படிக்கையிலும் வீட்டுரிமை இருக்கிறது. கடிதத்தில் மேற்கோள் காட்ட உதவும்.

மறுபக்கம், 1841இல் வெள்ளைக்காரர் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன்படி பிச்சை எடுப்பவரையும் இடமில்லாமல் திரிபவரையும் பொலிஸ் பிடிக்கலாம்.

பஸ் நிலையத்தில் தனியாக ஒருவர் படுத்திருந்தால் நான் என்ன செய்வது?

முதலில் பெயரைக் கேளுங்கள், படம் எடுக்காதீர்கள். காயம் அல்லது காய்ச்சல் என்றால் 1990 இலவச அம்புலன்ஸ். மனக்குழப்பம் போலிருந்தால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். சிறுவர் என்றால் 1929, வீட்டு வன்முறையால் வெளியேறிய பெண் என்றால் 1938. நெடுநாளாக அங்கே இருப்பவரென்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக ஒருவர் கூட நின்றால் பாதி வேலை முடிந்தது. மருந்து எடுக்கத் தொடங்கி ஊரை நினைவுக்குக் கொண்டுவந்து வீடு சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் என் பெயர் இல்லை. எங்கே போவது?

கிராம அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள், பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புள்ளி எப்படிப் போட்டீர்கள், என் குடும்பத்துக்கு எத்தனை, ஏன் விடுபட்டது என்று அதன் கீழ் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளில் பதில் தரவேண்டும். பதிலைப் பார்த்தால் குடும்ப எண்ணிக்கை தவறாகப் பதிந்திருப்பது போன்ற சின்னப் பிழைகள் வெளியே வரும், அவை திருத்தக்கூடியவை.

நீங்கள் உப குடும்பமாக இருந்தால் கலியாணப் பதிவோடு போய்த் தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லுங்கள். காணியில்லாதவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். அடுத்த காணிக் கச்சேரிக்கு அழைப்பு வரும்போது கணவன் மனைவி இருவரும் போங்கள், பேமிட்டில் இரண்டு பெயரும் வருமா என்று அங்கேயே கேளுங்கள். வழக்கு என்று போனால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகம் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும். எல்லாப் பிரதியையும் ஒரே கோப்பில் போட்டு, இன்னொரு செட்டை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.